40 மீட்டருக்குக் கீழே என்ன மாறுகிறது? ஸ்கூபாவிலிருந்து ‘டெக்’ டைவிங்குக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2018 ஜூலை 2. தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் வெள்ளத்தில் சிக்கியிருந்த 12 சிறுவர்களையும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரையும் முதலில் கண்டுபிடித்தவர்கள் ராணுவத்தினர் அல்ல. பிரிட்டனிலிருந்து வந்த இருவர். ரிக் ஸ்டாண்டன் ஒரு முன்னாள் தீயணைப்பு வீரர். ஜான் வொலாந்தன் ஐடி கன்சல்டன்ட். இருவருக்குமே குகை டைவிங் சம்பளம் தரும் வேலை இல்லை, பொழுதுபோக்குதான்.

ஐடி வேலை பார்க்கிறவரால் இது எப்படி முடிந்தது? பல ஆண்டுப் பயிற்சி, அதற்கென்றே அமைந்த உபகரணங்கள், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே போட்ட கணக்கு. இதைத்தான் ‘டெக்னிக்கல் டைவிங்’ என்கிறார்கள், சுருக்கமாக ‘டெக்’. 1990-களின் தொடக்கத்தில், ‘அக்வாகோர்’ என்ற அமெரிக்க இதழை நடத்திய மைக்கேல் மெண்டுனோ பரவலாக்கிய பெயர் இது.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா சான்றிதழ் வாங்கிவிட்டு, ‘அடுத்து என்ன?’ என்று யோசிக்கும் பலரும் எட்டிப் பார்க்கும் கதவு இது. உள்ளே போகும் முன் எது மாறுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

எல்லைக்கோடு எங்கே?

சாதாரண ஸ்கூபாவில் ‘ஓப்பன் வாட்டர்’ முடித்தவர் 18 மீட்டர், ‘அட்வான்ஸ்டு’ முடித்தவர் 30 மீட்டர், ஆழத்துக்கான தனிப் பயிற்சி பெற்றவர் 40 மீட்டர் வரை போகலாம். இந்த எல்லைகளுக்குப் பின்னால் ஒரே ஒரு தத்துவம் உண்டு: எந்த நிமிடத்தில் எது சொதப்பினாலும், நேராக மேலே வந்துவிடலாம்.

டெக் டைவிங்கில் அந்த வசதி கிடையாது. அவ்ளோதான் வித்தியாசம். ஆனால் மற்ற எல்லா மாற்றங்களும் அந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

காரணம், அழுத்தம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் சுமார் 1 பார் அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டரில் 5 பார். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் உருவாகும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோகக்கூடிய ‘டிகம்ப்ரஷன் நோய்’ இதுதான்.

ஆழத்தில் அதிக நேரம் இருந்தவர், மேலே வரும் வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்றுதான் வர வேண்டும். கடைசி நிறுத்தங்களில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும். 6 மீட்டர்தான் பாக்கி இருக்கும். ஆனாலும் போகக் கூடாது. தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை இருக்கிறது என்று டெக் டைவர்கள் சொல்வது இதைத்தான். குகையிலும் மூழ்கிய கப்பலிலும் அந்தக் கூரை நிஜமாகவே இருக்கும்.

சிலிண்டரில் இருப்பது என்ன?

‘ஆக்சிஜன் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு குதிக்கிறார்கள்’ என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வது தவறு. சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் காற்றுதான்: 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி கிட்டத்தட்ட முழுவதும் நைட்ரஜன்.

ஆழம் போகப் போக இந்தக் காற்றே பிரச்சினையாகும். சுமார் 30 மீட்டரிலிருந்து நைட்ரஜன் போதை தரத் தொடங்கும். முடிவெடுக்கும் வேகம் குறையும். இன்னும் ஆழத்தில் ஆக்சிஜனே நச்சாகும். அதன் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான நடைமுறை. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் நிறுத்தங்களில் மட்டும் 1.6 வரை போகிறார்கள். தாண்டினால் எச்சரிக்கையே இல்லாமல் வலிப்பு வரலாம். நீருக்கடியில் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவி, டைவர் மூழ்கிவிடுவார்.

இதற்காகத்தான் வாயுக் கலவைகள். ஆழத்தில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த ‘ட்ரைமிக்ஸ்’. மேலே வரும்போது நைட்ரஜனும் ஹீலியமும் வேகமாக வெளியேற, 50 சதவீத ஆக்சிஜன் கலவையை 21 மீட்டரிலிருந்தும், தூய ஆக்சிஜனை 6 மீட்டரிலிருந்தும் பயன்படுத்துகிறார்கள்.

தவறான ஆழத்தில் தவறான சிலிண்டரை வாயில் வைத்தால் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் அதைப் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆழம் பெரிய எண்ணில் ஒட்டப்பட்டிருக்கும். மாற்றும் முன் பார்ட்னர் அதைச் சரிபார்ப்பார்.

எல்லாவற்றிலும் இரண்டு

டெக் உபகரணங்களைப் பார்த்தால் ‘இவ்ளோ சாமானா?’ என்றுதான் தோன்றும். எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்: இது பழுதானால் அடுத்து என்ன?

முதுகில் ஒன்றுக்குப் பதிலாக, இணைப்புக் குழாயுடன் இரட்டைச் சிலிண்டர். இரண்டு வால்வு, இரண்டு ரெகுலேட்டர். ஒன்று கசியத் தொடங்கினால், கையைப் பின்னால் நீட்டி அந்த வால்வை மட்டும் மூடலாம். இடையில் உள்ள தடுப்பு வால்வை மூடினால் பாதிக் காற்றாவது மிஞ்சும். சிலர் சிலிண்டர்களை உடலின் இரு பக்கமும் மாட்டும் ‘சைடுமவுண்ட்’ முறையை விரும்புகிறார்கள்.

ஜாக்கெட் வடிவ பிசிடி-க்குப் பதிலாக உலோகத் தட்டு, பட்டைகள், தனிக் காற்றுப்பை. காற்றைப் பகிர்ந்துகொள்ள சுமார் 2 மீட்டர் நீளக் குழாய். குகையின் குறுகிய இடத்தில் இருவர் முன்னும் பின்னுமாக நீந்த அது தேவைப்பட்டது. ஃப்ளோரிடா குகை டைவர்களிடமிருந்து வந்த வழக்கம் இது. இவற்றோடு இரண்டாவது கணினி, கூடுதல் மாஸ்க், ரீல், மிதவை.

காற்றுக் கணக்கையும் பாருங்கள். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு, 40 மீட்டரில் 100 லிட்டர் தேவை. 200 பாரில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் இருப்பது 2,400 லிட்டர். அதாவது 24 நிமிடங்களில் காலி, பதற்றப்பட்டால் இன்னும் சீக்கிரம். குகை டைவர்கள் மூன்றில் ஒரு பங்கு விதியைப் பின்பற்றுவது இதனால்தான்: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு.

பயிற்சி எப்படி நடக்கிறது?

பேடி, டிடிஐ, ஜியுஇ போன்ற அமைப்புகள் படிப்படியான வகுப்புகளை நடத்துகின்றன. உதாரணமாக, பேடியின் ‘டெக் 40’ வகுப்பில் சேர 18 வயதும் குறைந்தது 30 டைவ்களும் வேண்டும். ‘டெக் 50’-க்கு 100 டைவ்கள். இவை குறைந்தபட்சம் மட்டுமே.

வகுப்பில் புதிதாகப் பார்க்கும் இடங்களைவிட, ஒரே இடத்தில் மிதந்தபடி செய்யும் வேலைகளே அதிகம். வால்வை மூடித் திறப்பது, மாஸ்க் இல்லாமல் காற்றைப் பகிர்வது, சிலிண்டர் மாற்றுவது. இதையெல்லாம் செய்யும்போது ஆழம் மாறக் கூடாது. முதல் நாளில் பலர் திணறுவது இதில்தான். நூறு டைவ் முடித்தவர்களும் விதிவிலக்கல்ல.

படிகளைத் தாண்டினால்?

எகிப்தின் தஹாப் நகரம் அருகே உள்ள ‘ப்ளூ ஹோல்’ இதற்கு வேதனையான உதாரணம். அங்கே சுமார் 55 மீட்டர் ஆழத்தில் ஒரு இயற்கை வளைவு, வெளிக்கடலுக்குத் திறக்கிறது. தெளிந்த நீரில் வளைவு பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். உரிய பயிற்சி இல்லாமல், ஒற்றைச் சிலிண்டர் காற்றோடு ‘ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம்’ என்று இறங்கிய பலர் திரும்பவில்லை. கரைப் பாறையில் அவர்களின் நினைவுக் கற்கள் உள்ளன. போதை, காற்றுக் கணக்கு, ஆக்சிஜன் என மேலே சொன்ன எல்லாமே அந்த ஆழத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும்.

பணம் கட்டும் முன் 4 கேள்விகள்

* ஆழம் மாறாமல், கைகளை அசைக்காமல் ஒரே இடத்தில் மிதக்க முடிகிறதா? இல்லையென்றால் முதலில் அதற்கே பயிற்சி எடுங்கள்.
* என் ஒரு நிமிடக் காற்றுச் செலவு எவ்வளவு? தெரியவில்லை என்றால் அடுத்த டைவிலேயே அளந்துபாருங்கள்.
* பயிற்றுநர் இந்த ஆழங்களில் வகுப்புக்கு வெளியேயும் தொடர்ந்து டைவ் செய்கிறாரா? தகுதி இல்லாத மாணவருக்குச் சான்றிதழ் மறுத்திருக்கிறாரா?
* உபகரணங்களை இப்போதே வாங்க வேண்டுமா? வேண்டாம். வகுப்பில் வாடகைக்கு எடுத்துப் பழகிய பிறகு எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும்.

டெக் டைவர்களிடையே பழைய விதி ஒன்று உண்டு: யாரும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல் டைவை ரத்து செய்யலாம், ஏன் என்று மற்றவர்கள் கேட்கக் கூடாது. கட்டை விரலை மேலே காட்டினால் போதும். 50 மீட்டருக்குப் போகத் தகுதி பெற்றவருக்கு, படகிலேயே ‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.