நின்ற இடத்திலேயே நடை

ஐப்பசி கழிந்தால் டில்லியில் காலை நடை என்பது பெயருக்குத்தான். புகையும் மூடுபனியும் தொண்டையைக் கமறச் செய்கின்றன. சித்திரை, வைகாசியில் வெயில் விடுவதில்லை. எனவே எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து அறை ஒன்றை உடற்பயிற்சிக் கூடமாக்கத் தீர்மானித்தார்கள். "ரயில்வேக்காரர், மெஷின் தெரிந்தவர்" என்று என்னையும் வாங்கும் குழுவில் போட்டுவிட்டார்கள். நம் அன்பர்கள் பலர் வீட்டுக்கே இவற்றை வாங்குவதால், அங்கே கவனித்தவற்றை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது ட்ரெட்மில். (1818-ல் இங்கிலாந்துச் சிறைக் கைதிகள் மிதிப்பதற்காக வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் அமைத்த சக்கரமே இதன் பாட்டனார். அவர் பின்னாளில் ரயில் பாதைகளும் போட்டவர். ஆக, நம் இனம்தான்!) கடைக்காரர் "நாலு குதிரை சக்தி" என்பார். அது உச்ச சக்தியா, தொடர் சக்தியா என்று கேளுங்கள். உச்ச சக்தி சிறிது நேரமே தாங்கும். தினமும் ஆளைச் சுமப்பது தொடர் சக்தி. ஒரு குதிரை சக்தி சுமார் 746 வாட். தொடர் சக்தி இரண்டு என்றால் முழுப் பளுவில் 1,500 வாட்டுக்குக் குறையாது. சாதாரண 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். ஆகவே 16 ஆம்பியர் பவர் பிளக், நல்ல எர்த் இரண்டும் அவசியம். வீட்டு மாடலைப் பொதுக்கூடத்தில் வைத்தால் பல கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. இதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கோன் எண்ணெய் மட்டுமே விடவேண்டும். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் கூடாது.

சிவப்புச் சாவி ஒன்று நாடாவோடு தொங்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். லோக்கல் மின்சார ரயிலில் ஓட்டுநரின் கை தளர்ந்தால் பிரேக் தானே விழும்; 'டெட்மேன் ஹாண்டில்' என்போம். இதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாடாவின் கிளிப்பை உடையில் மாட்டிக்கொண்டால், நாம் விழும்போது சாவி கழன்று மெஷின் நிற்கும். மகன் வீட்டில் என் மனைவி அதை மாட்டாமல் ஏறினாள். போன் மணி கேட்டுத் திரும்பினாள். பெல்ட் பின்னால் தள்ளிவிட்டது. ஒரு முழ தூரத்தில் சுவர். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பின்புறம் ஆறடியாவது காலியாக விடவேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

ஆகவே குழுவில் நான் வாதாடியது சைக்கிளுக்காக. முதுகு சாய்த்து உட்காரும் வகை, முழங்கால் வலிக்காரர்களுக்குச் சௌகரியம். மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி இருக்கையை வைத்துக்கொள்ளுங்கள். காந்தத் தடையுள்ளது சத்தமில்லாதது, தேய்மானமும் குறைவு. எலிப்டிகல் மெஷினில் பாதம் மிதியை விட்டு எழுவதில்லை, அதிர்ச்சியும் இல்லை. ஆனால் ஏறி இறங்கத் தடுமாறுவோருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எவ்வளவு வேகம்? பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. 220-லிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பு பார்க்கும் கணக்கு உத்தேசமானது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுவோருக்கு நாடி ஏறாது. அவர்கள் அந்தக் கணக்கை நம்பி வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. இதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே தொடங்கவேண்டும். மார்பில் இறுக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியில் ஒரு ட்ரெட்மில், இரண்டு சைக்கிள் வாங்கினோம். என் மனைவிக்குச் சைக்கிள்தான். ட்ரெட்மில்லில் என்னை ஏற்றிவிடுகிறாள், கிளிப்பை மாட்டினேனா என்று பார்த்துவிட்டு.