முதுகைப் பதம் பார்க்கும் சைக்கிள்... சீட்டை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள்!

"இதை யாருக்காவது கொடுத்துடுடா. முதுகு தாங்கல!"

தினமும் உடற்பயிற்சி வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், அப்பா ஆசையாக வாங்கிய சைக்கிள். இரண்டே வாரத்தில் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. இத்தனைக்கும் பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் அது. சொகுசாக இருக்கும் என்றுதான் கூடுதல் விலை கொடுத்தோம்.

மெத்தென்று ஒரு சீட் கவர் வாங்கக் கடைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "காத்து கல்லு மாதிரி இருக்கு. சீட்டை விடுங்க சார், முதல்ல இதைக் குறைங்க" என்றார்.

முதல் சஸ்பென்ஷன் டயர்தான்!

பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடத்தான் காற்றடைத்த டயரைச் செய்தார். 1888-ல் காப்புரிமையும் பெற்றார். குலுங்கலைக் குறைக்கப் பிறந்த டயரில், நாம் காற்றை முட்ட முட்ட அடித்துவிடுகிறோம்.

டயரின் பக்கவாட்டில் '40-65 பி.எஸ்.ஐ' என்பதுபோல அச்சிட்டிருக்கும். அப்பாவின் டயரில் முழு 65 இருந்தது. பின் டயரை 45-க்கும், எடை குறைவாக விழும் முன் டயரை 42-க்கும் இறக்கினோம். அச்சிட்ட குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது ரிம் இடித்து, பாம்பு கடித்ததுபோல ட்யூபில் இரட்டை ஓட்டை விழும்.

அடுத்தது ஸ்பிரிங்

நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்ததும் பின் ஷாக் கொஞ்சம் அழுந்த வேண்டும். அது மொத்தம் அழுந்தக்கூடிய தூரத்தில் 25 முதல் 30 சதவிகிதம் சரியான அளவு. 50 மி.மீ அழுந்தும் ஷாக் என்றால், 12 முதல் 15 மி.மீ. வீட்டில் ஒருவரை ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள்.

* அழுந்தவே இல்லையா? ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தை ஒரு சுற்று தளர்த்துங்கள். ஸ்பிரிங் ஆடும் அளவுக்குத் தளர்த்தக் கூடாது.
* அதிகமாக அழுந்துகிறதா, பெடல் மிதிக்கும்போது சைக்கிள் ஊஞ்சலாடுகிறதா? வளையத்தை இறுக்குங்கள்.
* முழுக்கத் தளர்த்தியும் அழுந்தவில்லையா? உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் ரொம்பக் கடினம். மென்மையான ஸ்பிரிங் மாற்ற வேண்டும்.
* சில சைக்கிள்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று ஷாக் இருக்கும். அதற்கென உள்ள தனி பம்ப்பில்தான் காற்றைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் எதனால் பலன் கிடைத்தது என்று புரியும். எல்லாம் செய்தும் வலி குறையவில்லை என்றால், டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவில் மூன்று ஸ்பீடு பிரேக்கர்கள். அன்று மாலை மூன்றையும் தாண்டிப் போய்த் திரும்பிவந்த அப்பா, "இன்னொரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். சீட் கவர் வாங்கவே இல்லை!