பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்

கொழும்பு புளூமெண்டால் வீதியில் இரவு பத்து மணிக்கு ஒரு கொண்டெய்னர் லொறி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு 11 மீற்றர் ஓடும். முன்னால் சைக்கிள் போவதைச் சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் 17 மீற்றர் போய்விடும். பிறகு நிற்பதற்கு இன்னும் 12 மீற்றராவது வேண்டும். வீதி நனைந்திருந்தால் அதற்கும் மேல். ஆக, 30 மீற்றருக்கு அப்பாலிருந்தே அந்தச் சைக்கிள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கறுத்த சேட்டும் விளக்கில்லாத சைக்கிளுமாகப் போகிறவரை அந்தத் தூரத்தில் கண்டுகொள்வார் என்று யாரும் நம்பியிருக்க முடியாது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இரவில் சைக்கிள் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர்கள். கடை பூட்டிய பின் வீடு திரும்பும் ஹோட்டல் தொழிலாளி, அதிகாலையில் பத்திரிகை போடும் பையன், இரவுக் காவலாளி, உணவுப் பொதி கொண்டு ஓடும் இளைஞன். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் இவர்களோடு அலுவலகக்காரரும் சைக்கிளில் ஏறினார்கள். அந்த மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. தெருவிளக்குகளையும் அணைக்கும்படி பணித்திருப்பதாக அப்போதைய மின்சக்தி அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி சொன்னார். வீட்டிலேயே சைக்கிள் லைட் செய்து பூட்டுவது பொழுதுபோக்காக இல்லாமல் தேவையாக மாறியது அப்படித்தான். பெற்றோல் திரும்பி வந்துவிட்டது. சைக்கிளை விட முடியாதவர்கள் இன்னும் அதே வீதியில்தான் ஓடுகிறார்கள்.

எங்களுக்கு இது புதிய வேலையும் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, டோர்ச் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்று வெள்ளவத்தை மாடிவீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தக் கைத்திறனை மதிக்கிறேன். கையால் செய்த விளக்கை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எதைச் செய்தால் உயிர் காக்கும், எதைச் செய்தால் வீடு எரியும் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் நிறம். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு. 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளுக்குக் கேட்பதும் இதைத்தான். கூடவே ஒரு நல்ல பிரேக், ஒரு மணி, பின்னால் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பான். இந்த ஒழுங்கு உலகம் முழுவதும் சாரதிகளின் மனதில் பதிந்தது. சிவப்பைக் கண்டால் அது தன்னைவிட்டு முன்னே போகிறது, வெள்ளையைக் கண்டால் எதிரே வருகிறது என்று அரை விநாடியில் முடிவெடுப்பார்கள். பின்னால் நீலமும் பச்சையும் மின்னினால் அந்த அரை விநாடி வீணாகிறது. 2025 ஜனவரியில் பஸ், முச்சக்கர வண்டிகளின் மேலதிக அலங்கார விளக்குகளைக் கழற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கியதையும் நினைவில் வையுங்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும் விளக்கைச் சைக்கிளில் பூட்டவே வேண்டாம்.

சக்கரக் கம்பிகளில் சுற்றும் வண்ண எல்.ஈ.டி. நாடா சந்திகளில் பக்கத்திலிருந்து வருபவருக்கு நன்றாகத் தெரியும். பின்னால் வருபவருக்கு அநேகமாகத் தெரியாது. இருட்டில் ஒளிரும் பூச்சு சிறிது நேரத்தில் மங்கிவிடும். நூல்போல் வளைந்து ஒளிரும் மின்னொளிக் கம்பிக்குப் பற்றரியிலிருந்து நூறு வோல்ற் அளவு மாறுமின்னோட்டம் உண்டாக்கும் சிறு பெட்டி தேவை. ஐப்பசி மழையில் அந்தப் பெட்டி நனைந்தால் கையில் அடிக்கும். அழகுக்காக வேண்டுமானால் இவற்றில் ஒன்றைப் பூட்டலாம், ஆனால் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு.

அந்தச் சிவப்பு விளக்கைச் செய்வது கடினமல்ல. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் எல்லாம் கிடைக்கும். இரண்டு சாதாரண 1.5 வோல்ற் அல்கலைன் பற்றரி, ஐந்து சிவப்பு எல்.ஈ.டி., ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 56 ஓம் ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச், தண்ணீர் புகாத ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி. சிவப்பு எல்.ஈ.டி. ஏறத்தாழ இரண்டு வோல்ற்றில் எரியும்; மிச்சமுள்ள ஒரு வோல்ற்றை ரெசிஸ்டர் தாங்கிக்கொள்ளும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரே கொடுத்தால் எல்.ஈ.டி. சூடேறிச் சீக்கிரம் பழுதாகும், நடுவழியில் அணைந்ததும் உங்களுக்குத் தெரியாது. இந்த அளவில் செய்தால் இரண்டு பற்றரி ஏறத்தாழ 20 மணி நேரம் தாங்கும். வெளிச்சம் மங்கத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள்.

பெட்டியை ஆசனத்துக்குக் கீழே, நேராகப் பின்னோக்கிப் பூட்டுங்கள். சிறிய எல்.ஈ.டி.யின் ஒளி ஒடுங்கிய கோணத்தில்தான் போகும். தரையைப் பார்த்தால் பயனில்லை. கரியரில் பாண் பெட்டியோ சாக்கோ ஏற்றுகிறவர்கள் விளக்கைப் பெட்டியின் வெளிப்புறத்தில் பூட்ட வேண்டும். மழைக் கோட்டின் ஓரம் விளக்கை மூடுகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள். முன் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் குத்தாமல் வீதியில் விழ வேண்டும். வயரைக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டுங்கள்; தொங்கும் வயர் முன் சக்கரக் கம்பியில் சிக்கினால் ஓடுகிறவர் ஹான்டிலுக்கு மேலால் போய் விழுவார். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் ஒட்டுகளை மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும், கடற்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும்.

மின்னி மின்னி எரியலாமா? பிரித்தானியா 2005இலிருந்து அனுமதிக்கிறது, ஜெர்மனி தடுக்கிறது. மின்னும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரம் என்று கணிக்க நிலையான ஒளிதான் உதவும். நான் நிலையான ஒளியையே சொல்வேன். டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில் 3,845 பேரை வைத்து நடத்திய பரிசோதனையில், எப்போதும் எரியும் விளக்குப் பூட்டியவர்கள் காயப்பட்ட விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவு. அவுஸ்திரேலிய ஆய்வொன்று இன்னும் மலிவான வழியைக் காட்டியது: கணுக்காலிலும் முழங்காலிலும் பிரதிபலிக்கும் பட்டி. மேலும் கீழும் அசையும் காலைக் கண்டதும் அது மனிதர் என்று சாரதிக்கு உடனே புரிகிறது. இருபுறமும் ஒரு துண்டு பட்டி ஒட்ட ஒருவேளைச் சாப்பாட்டுக் காசும் ஆகாது.

பற்றரிக்கு வருகிறேன், இதில்தான் எனக்குப் பயம் அதிகம். பழைய மடிக்கணினிப் பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் 18650 லிதியம் செல்லை எடுத்து லைட் செய்வது இப்போது பையன்களிடம் பரவலாக இருக்கிறது. அந்தச் செல் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறக்கூடாது, மிகவும் இறங்கவும் கூடாது. உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதன்மேல் நேராக ஈயம் வைத்து ஒட்டுவதும், பாதுகாப்புச் சேர்க்கிட் இல்லாமல் போன் சார்ஜரில் கொழுவிவிட்டுத் தூங்கப் போவதும் உயிரோடு விளையாட்டு. நியூயோர்க்கில் 2023இல் மட்டும் லிதியம் பற்றரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். பழைய செல்களைக் கழற்றிச் சேர்த்த பற்றரிகளை விற்பதை அந்நகரம் சட்டம் போட்டுத் தடுத்தது. அங்கே எரிந்தவை பெரும்பாலும் மின் சைக்கிள்களின் பெரிய பற்றரிகள். உங்கள் செல் சிறியதாக இருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே, ஒரே வாசலுள்ள வீட்டில், நள்ளிரவில் அது பற்றினால் அளவு பார்த்து யாரும் தப்ப முடியாது.

சார்ஜ் செய்யும் லைட்தான் வேண்டும் என்றால் பாதுகாப்புச் சேர்க்கிட்டோடு வரும் புதிய செல்லை வாங்குங்கள், விழித்திருக்கும்போது வெறும் சீமெந்துத் தரையில் சார்ஜ் செய்யுங்கள். செல் வீங்கினால், இனிப்பான இரசாயன மணம் வந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். தீப்பிடித்தால் ஆட்களை வெளியேற்றி 110க்கு அழையுங்கள். செத்த செல்லின் இரு முனையிலும் ரேப் ஒட்டி, வீட்டுக் குப்பையில் சேர்க்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

வீட்டில் செய்த விளக்கால் மனிதர் எரிந்த வரலாறு இந்த நாட்டுக்கு ஏற்கெனவே உண்டு. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கு சரிந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்து, சரியாத, திருகு மூடியுள்ள விளக்கொன்றை வடிவமைத்தார். ஏழைகளின் விளக்கை அவர் பழிக்கவில்லை, திருத்திக் கொடுத்தார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார்.

இனி விபத்து நேர்ந்தால் என்ன செய்வது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முதலில் அதை அழையுங்கள். வாகன இலக்கத்தை எழுதுங்கள். உங்கள் விளக்கு எரிகிற நிலையிலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள், அது அவசியம். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, காயப்பட்டவர் மீதும் தவறு இருந்தால் அதற்கேற்ப நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கலாம். ‘சைக்கிளில் லைட் இல்லை’ என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் வாதமாக இருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே அலுவல் செய்யும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கொழும்பிலும் உங்களுக்குத் தருகிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். தமிழில் பதியச் சொல்லுங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். வழியில் மறித்துக் கையில் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

மோட்டார் வாகனம் எல்லாவற்றுக்கும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால் காயப்பட்ட சைக்கிள்காரருக்கு நட்டஈட்டுக்கு வழி இருக்கிறது. வழக்கை இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வாகனம் எதுவென்று தெரியாவிட்டால் வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபையிடம் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கடையில் வாங்கிய லைட்டோ பற்றரியோ ஏமாற்றினால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நேரும் விபத்தும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. இரவு பதினொரு மணிக்கு ஹோட்டல் அடுப்பை அணைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறுகிறவருக்கு இது பொருந்தும். அவரை அந்த நேரத்துக்கு வேலையில் வைத்திருக்கும் முதலாளிமாரிடம் நேராகவே கேட்கிறேன்: உங்கள் கடையில் எத்தனை பேர் சைக்கிளில் வருகிறார்கள் என்று இன்றிரவு எண்ணுங்கள், அத்தனை பேருக்கும் நாளைக்கே ஒரு சிவப்பு லைட் வாங்கிக் கொடுங்கள்.