அல்லாஹ் பந்த்: ஆற்றை மறித்த நிலநடுக்கம்

ஆறு தன் வழியைத் தானே வகுத்துக்கொள்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். அதன் அடியில் கிடக்கும் நிலமும் அசையக்கூடியது என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டல் சமவெளியில் சரிவு மிகக் குறைவு. அங்கே நிலம் ஓரிரு மீட்டர் உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ ஆறு திசைமாறிவிடக்கூடும். இதற்குக் கட்ச் மண்ணில் ஒரு சான்று உண்டு.

1819 ஜூன் 16, மாலை நேரம். பெரும் நிலநடுக்கத்தில் கட்ச் குலுங்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிந்து நதியின் கிழக்குக் கிளைக் கரையிலிருந்த சிந்த்ரி கோட்டையைச் சுற்றி நிலம் தாழ்ந்தது. கடல்நீர் புகுந்து அவ்விடம் ஏரியாயிற்று. கோபுரத்தில் ஏறித் தப்பியவர்கள் மறுநாள் படகில் மீட்கப்பட்டனர்.

அதே வேளையில் வடக்கே, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மண்மேடு எழுந்தது. சிந்து ஆட்சியாளர்கள் அக்கிளையின் குறுக்கே முன்னரே அணைகள் கட்டியிருந்தனர். அவற்றினின்று பிரித்தறியவே, மனிதக் கைபடாத இம்மேட்டை மக்கள் 'அல்லாஹ் பந்த்', அதாவது அல்லாஹ்வின் அணை என்றழைத்தனர்.

நிகழ்ந்தது என்ன? நிலத்தடிப் பாறை பிளவுண்டு, ஒரு பக்கம் மேலேறியது, மறுபக்கம் அமிழ்ந்தது. மேடான இடத்தில் ஆறு தடைப்பட்டது. ஆயினும் ஆறு எளிதில் தோற்பதில்லை. 1826இல் சிந்து பெருக்கெடுத்து, மேலேயிருந்த அணைகளை உடைத்தது. அல்லாஹ் பந்தையும் அறுத்துக்கொண்டு சிந்த்ரி ஏரியில் விழுந்தது. மறு ஆண்டு அலெக்சாண்டர் பர்ன்ஸ் அந்த வாய்க்காலை நேரில் கண்டார். ஆனால் அந்நீர் நிலைக்கவில்லை. ஒருகாலத்தில் செழித்திருந்த லக்பத் துறைமுகம் நீரிழந்து நலிந்தது. அதன் கோட்டைச் சுவர் இன்றும் வெறிச்சோடி நிற்கிறது.

நிலநடுக்கம் ஆற்றின் வண்டலையும் மாற்றுகிறது. 1950 ஆகஸ்ட் 15இல் அஸ்ஸாமை உலுக்கிய நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் இடிந்து ஆறுகளில் விழுந்தன. அம்மண் பிரம்மபுத்திராவின் படுகையை உயர்த்தியது. திப்ரூகர் நகரின் கரைகள் அரிக்கப்பட்டன. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கங்கையின் முதன்மை ஓட்டமே நிலநடுக்கத்தால் இடம்மாறியது என, வங்கதேச மண்ணை ஆராய்ந்தோர் 2024இல் அறிவித்தனர். அதிர்ச்சியில் பீறிட்டெழுந்த மணல், பழைய சேற்றடுக்கினுள் சுவர்போல் உறைந்து கிடந்ததே அவர்களுக்குக் கிடைத்த சான்று.

இன்று கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியில் கோடிக்கணக்கானோர் வாழ்கின்றனர். அங்கே கரை கட்டுவோர் வெள்ள அளவை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஆற்றைச் சுமக்கும் நிலத்தின் வரலாற்றையும் அறிந்தாக வேண்டும்.