முதுமையில் மருந்தே நோயாகும்போது

உடலில் நடக்கும் மாற்றம்

வயதானவர் உடலில் மருந்து நெடுநேரம் தங்குகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் படிப்படியாகக் குறைகிறது. தசையும் மெலிந்துவிடுவதால், தசையில் உருவாகும் கழிவான கிரியாட்டினின் அளவு ரத்தப் பரிசோதனையில் சரியாக இருப்பதுபோலவே தெரியும். டிகாக்ஸின் போன்ற இதய மருந்துகள் நஞ்சாவது பெரும்பாலும் இப்படித்தான். உடலில் கொழுப்பின் விகிதம் கூடுவதால், கொழுப்பில் தேங்கும் தூக்க மருந்தான டயஸிபாம் மறுநாளும் தள்ளாட வைக்கும். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியும்.

மருந்துக்கு மருந்து

ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தை உண்டாக்கும். அது மருந்தால் வந்தது என்று தெரியாமல் நீர் பிரியும் மாத்திரை சேர்க்கப்படும். அதனால் உடலில் உப்புச் சத்து, அதாவது சோடியம், இறங்கும். முதியவர் குழம்பிப் பேசுவார். வீட்டார் அதை மறதி நோய் என்றே எண்ணுவார்கள். முதியவருக்குப் புதிதாக எந்தத் தொல்லை வந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்தைத்தான். மூட்டு வலிக்குக் கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபினாக்கும் லேசானதல்ல. சில ரத்த அழுத்த மருந்துகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையே முடக்கும்.

சேரும்போதும் திரும்பும்போதும்

சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு போன்ற பகுதிகளில் சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர் என்று தனித்தனி நிபுணர்களைப் பார்ப்பது எளிது. ஆனால் அவர்கள் தந்த சீட்டுகளை ஒருசேரப் பார்ப்பவர் யாருமில்லை. மருத்துவமனையில் சேர்ந்தால் மருந்தின் பிராண்ட் மாறும். வீடு திரும்பியதும் பழைய பட்டையும் புதிய பட்டையும் சேர்ந்தே விழுங்கப்படும். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் எதைத் தொடர்வது என்று இருக்கும். எதை நிறுத்துவது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். சேரும்போது லேகியம், சூரணம் உட்பட எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டலாம். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு போன்றவற்றைத் தாமாக, திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

முதியோர் மருத்துவம்

முதியோர் மருத்துவத்தில் சென்னை முன்னோடி. டாக்டர் வி.எஸ்.நடராஜனின் முயற்சியால் 1978-இல் அரசு பொது மருத்துவமனையில் முதியோர் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் முதியோர் மருத்துவ எம்.டி. படிப்பு வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் பட்டியலிட்டார். 2023-இல் திருத்தப்பட்ட அந்தப் பட்டியலில் சர்க்கரைக்குத் தரும் கிளிபென்கிளமைடும் சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமினும் உண்டு. இரண்டுமே இங்கு வெகுசாதாரணமாகப் புழங்குபவை.

தெரிவிக்கும் வழி

இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இல் தொடங்கியது. பக்கவிளைவை மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் வீட்டாரும் தெரிவிக்கலாம்; கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், தொல்லை தென்பட்ட நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. காலிப் பட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் தொகுதி எண்ணும் கிடைக்கும்.