ஈன்ற பசுவின் கருப்பையும் கிருமிகளும்

உழவர் வீட்டிற் பசு கன்று ஈனும் நாள் ஒரு திருநாளாகும். கன்று தள்ளாடி எழுந்து நின்றதும் யாவர் கண்ணும் அதன்மேற் செல்லும். சிறுவர் சீம்பாலை எதிர்நோக்கி நிற்பர். தாயின் வயிற்றினுள் அப்பொழுதே ஒரு போர் தொடங்கிவிட்டதென்பதை நினைப்பவர் சிலரே. அப்போர் எத்தகையது, அதிற் பசு வெல்வதும் தோற்பதும் எதனால் என்பவற்றை இவ்வியாசத்திற் சுருக்கமாகக் கூறுவோம்.

கன்று ஈனுங்காற் கருப்பையின் வாய் அகலத் திறக்கின்றது. சாணம், தரை, வைக்கோல், பசுவின் தோல் முதலியவற்றிலுள்ள பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் அவ்வழியே உட்புகுகின்றன. இது நோயுற்ற பசுவுக்கு மட்டும் நேர்வதன்று. ஈன்ற முதலிரண்டு வாரங்களில் ஏறக்குறைய எல்லாப் பசுக்களின் கருப்பையிலும் கிருமிகள் உண்டு. ஆயினும் பெரும்பாலான பசுக்கள் மருந்தின்றியே அவற்றை வென்றுவிடுகின்றன. ஈன்றபொழுது சுமார் 9 கிலோகிராம் எடையுள்ள கருப்பை, ஒரு மாதத்திற்குள் ஏறத்தாழ 1 கிலோகிராமாகச் சுருங்குகின்றது. அது சுருங்குந்தோறும் உள்ளிருக்கும் கழிவு வெளியே தள்ளப்படுகின்றது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்குகின்றன. சிதைந்த உட்தோலும் புதிதாக வளர்கின்றது.

தோல்வி நேருமிடத்து, முதற்சில நாட்களில் எஷ்செரிஷியா கோலை என்னும் கிருமி பெருகித் தன் நச்சினாற் கருப்பையை அழலச் செய்து பிறவற்றிற்கு வழி திறக்கின்றது. பின்னர் ட்ரூப்பெரெல்லா பயோஜீனிஸ், ஃபுசோபாக்டீரியம் முதலியன ஒன்றுக்கொன்று துணையாய்ப் பெருகுகின்றன. ட்ரூப்பெரெல்லா கக்கும் பயோலைசின் என்னும் நஞ்சு உயிரணுக்களைத் துளைத்துக் கொல்லவல்லது. கருப்பையின் மேற்படலம் அந்நஞ்சை ஒருவாறு தாங்கும். அதன் கீழுள்ள அணுக்களோ எளிதில் மடியும். ஈனுகையில் மேற்படலம் சிதைவதால் அவ்வணுக்கள் காப்பின்றி நிற்கின்றன.

நோய் கடுமையாயின், முதல் 21 நாட்களுக்குள் செம்பழுப்பான நீர் துர்நாற்றத்துடன் வடியும். சுரம் பாரன்ஹீட் 103 டிகிரிக்கு மேற்செல்லும். தீனியும் பாலும் குறையும். அதன் பின்னர் நீடிக்கும் நோயோ வஞ்சகமானது. பசு நன்றாகத் தின்னும், நடக்கும், சீழ் மட்டும் சிறிது காணலாம், சிலபோது அதுவுமில்லை. கிருமி நஞ்சு சினைப்பையையும் தாக்கிச் சினைமுட்டையின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகையாற் பசு சினை பிடிப்பதில்லை. உடையவன் அதனை மலடென்று கருதி அடிமாடாக விற்றுவிடுகிறான். அந்தோ! அது மலடன்று, நோயுற்ற பசுவே.

இனி, எப்பசு தோற்கும்? கடினமாய் ஈன்றதும், இரட்டைக் கன்று அல்லது இறந்த கன்று ஈன்றதும், இரத்தத்திற் சுண்ணாம்புச் சத்துக் குறைந்ததும், தீனி போதாததும் எளிதில் தோற்கும். இவற்றினும் முக்கியமானது நஞ்சுக்கொடி விழாமை. அது பொதுவாக 12 மணி நேரத்திற்குள் விழும். 24 மணி நேரத்திற்குப் பின்னும் விழாவிடின் தங்கிவிட்டதெனக் கொள்வர். நஞ்சுக்கொடியைக் கருப்பையினின்று பிரிக்க உதவுவனவும் கிருமியோடு பொருகின்ற அவ்வெள்ளணுக்களே. ஆகவே கொடி தங்குதல் நோய்க்குக் காரணமாவதோடு, பசுவின் காவற்படை முன்னரே தளர்ந்திருந்தது என்பதற்கு அறிகுறியுமாகும். நம் நாட்டிற் சிலர் தொங்கும் கொடியிற் கல்லையோ பழஞ்செருப்பையோ கட்டுகின்றனர்; சிலர் கைவிட்டு இழுக்கின்றனர். தளர்ந்த படைக்கு இவற்றால் வலிமை வருமோ? கருப்பை கிழிந்து கிருமிக்குப் புதுவாயில் திறப்பதே பயன்.

கையின் தூய்மை எத்துணை ஆற்றலுடையதென்பதை மானிடர் வரலாறே காட்டும். வியன்னா நகர மருத்துவசாலையில், பிணம் அறுத்த கையோடு பிரசவ அறைக்கு வருவோர் குளோரின் கலந்த நீரிற் கைகழுவ வேண்டுமென 1847-ஆம் ஆண்டில் ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியர் விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அவ்விடுதித் தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 18 பேர் இறந்தனர். ஜூனில் அத்தொகை சுமார் 2 ஆகக் குறைந்தது. தொழுவத்திற்கும் இதுவே நெறி.

இவ்விதழைப் படிப்போரிற் பலர் உழவர் குடியிற் பிறந்தோர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இவற்றைச் சொல்லுங்கள்: சினைப்பசுவுக்குக் கடைசி மாதங்களில் நல்ல தீனி கொடுக்கவேண்டும், ஈனுமிடம் உலர்ந்து தூய்மையாய் இருக்கவேண்டும், கழுவாத கை உட்செல்லலாகாது, கொடியை இழுக்கலாகாது, சுரமும் துர்நாற்றமும் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். அவர் கிருமிநாசினி மருந்து கொடுப்பின், அவர் குறித்த நாள்வரை அப்பசுவின் பாலை எவருக்கும் கொடுத்தலாகாது.

கிருமிகள் எல்லாப் பசுவையும் நாடும். வெற்றியோ ஈனுவதற்கு முன் நாம் அளித்த பேணுதலைப் பொறுத்தது. ஆண்டு முழுதும் நமக்குப் பால் தரும் வாயில்லா உயிருக்கு, அது வலுவிழந்து நிற்கும் சில வாரங்களில் நாம் காவலாய் நிற்பது பேருபகாரமன்று, பட்ட கடன் தீர்ப்பதேயாம்.