முந்திரிகைத் தோட்டமும் செம்பு படிந்த மண்ணும்

இந்நாட்டுக் கமக்காரர் அறிந்த போடோக் கலவை, பிரான்சு தேசத்தில் வைனுக்காக முந்திரிகை செய்கைபண்ணுவோரிடையே தோன்றியது. வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கும்பொருட்டு, வீதியோரக் கொடிகளுக்கு அவர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பதுண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த, இலையின் கீழ்ப்புறம் வெண்மையாய்ப் படரும் பங்கசு நோயினால் ஏனைய கொடிகள் இலையுதிர்த்து நிற்க, ஓரக்கொடிகள் மட்டும் பசுமையாயிருந்தமையை 1882இல் மில்லார்டே என்னும் தாவரவியற் பேராசிரியர் கண்டார். 1885இல் அவர் அதனை வெளியிட்டார். கள்வருக்குத் தெளித்தது நோய்க்கு மருந்தாயிற்று!

ஆயின், மயில்துத்தத்திலுள்ள செம்பு உக்கி அழிவதில்லை. மழையினால் இலையினின்று கழுவுண்டு மேல்மண்ணிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. நூறாண்டுக்கு மேலாகத் தெளிக்கப்பட்ட தோட்டங்களில் அது மிகுந்து, மண்புழுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் தீங்கு செய்கிறது. புதிதாய் நாட்டிய இளங்கொடிகளின் வேரும் குன்றக்கூடும். சேதன முறைத் தோட்டங்களிலும் இதுவே தெளிக்கப்படுவதால், தீங்கற்றதென எண்ணுவோர் பலர். அது தவறு. ஒருமுறை சேர்ந்த செம்பை மண்ணினின்று பிரித்தெடுத்தல் எளிதன்று.

ஆகவே, எக்டேயர் ஒன்றுக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோகிராம் செம்புக்கு மேல் இடலாகாதென ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் விதித்தது. ஏக்கர்க் கணக்கில் இது ஏறத்தாழ 11 கிலோகிராம். பிரான்சில் 2018இல் பதியப்பட்ட ஆர்த்தபான், புளோரெயால் முதலிய நோயெதிர்ப்பினங்களுக்குத் தெளிக்கவேண்டிய தடவைகள் மிகக் குறைவு. எனினும் வேறு பங்கசு நோய்களும் உண்டாதலின், தெளித்தலை அடியோடு கைவிடுவதற்கில்லை.